மண்ணின் ஈரத்தைச் சொல்லும் சின்னப் பலகை



“இன்னைக்குத் தண்ணி கட்டலாமா, வேணாமா?” வரப்பில் நின்று நாம் தினமும் கேட்டுக்கொள்கிற கேள்வி இது. எங்கள் கே.ஜி.கண்டிகைப் பக்கம் மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டாரைப் போட்டுவிடுகிறோம். மண் கேட்டதா என்று பார்ப்பதில்லை. கிணற்றில் தண்ணீர் இறங்குகிறது, வேர் மூச்சுத் திணறுகிறது.

மண்ணின் ஈரத்தை எண்ணாகச் சொல்லும் கருவியை நாமே செய்யலாம். வேண்டியவை: அர்டுயினோ உனோ பலகை, ஈரமானி, ஒரு கணினி. முதல் இரண்டும் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். கணினி உங்கள் வீட்டுப் பரணிலேயே இருக்கலாம். 2011 செப்டம்பர் 15-ல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது நம் மாவட்டத்துக் காக்களூரில்தான். அந்தக் கணினிகள் பலவற்றில் விண்டோசோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. பேட்டரி போயிருந்தாலும் பரவாயில்லை, சார்ஜரில் ஓடினால் போதும்.

லினக்சும் அர்டுயினோவும் நாட்டு விதை மாதிரி. யாரும் எடுத்துப் பெருக்கலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம்.

செய்முறை

1. அர்டுயினோ ஐடிஇ மென்பொருளை அதன் தளத்திலிருந்து இலவசமாக இறக்குங்கள். பழைய 32 பிட் கணினி என்றால் 1.8.19 பதிப்பு.

2. பலகையை யூஎஸ்பி வயரில் இணையுங்கள். சில வயர்கள் சார்ஜ் மட்டுமே ஏற்றும், தகவல் கடத்தாது. விளக்கு எரிந்தும் கணினிக்குப் பலகை தெரியவில்லை என்றால் முதலில் வயரை மாற்றிப் பாருங்கள்.

3. லினக்சில் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்: “அனுமதி இல்லை” என்று வரும். உங்கள் பயனர் பெயரை ‘டயல்அவுட்’ என்ற குழுவில் சேர்த்து, கணினியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். சரியாகிவிடும்.

4. எடுத்துக்காட்டுகளில் உள்ள ‘பிளிங்க்’ நிரலை ஏற்றுங்கள். பலகையின் விளக்கு நொடிக்கு ஒருமுறை மாறும். 1000 என்ற எண்ணை 200 ஆக்கி மறுபடி ஏற்றுங்கள். வேகமாகச் சிமிட்டினால், நீங்கள் நிரல் எழுத ஆரம்பித்துவிட்டீர்கள்!

5. ஈரமானியின் மூன்று வயர்களை 5 வோல்ட், தரை, ஏ0 ஆகிய இடங்களில் செருகுங்கள். ‘அனலாக்ரீட்சீரியல்’ எடுத்துக்காட்டை ஏற்றினால் 0 முதல் 1023-க்குள் ஓர் எண் திரையில் ஓடும்.

நான் பட்ட பாடு

விலை குறைவு என்று முள்கரண்டி மாதிரி இரண்டு கால் உள்ள ஈரமானியை முதலில் வாங்கினேன். மின்சாரம் ஓடி ஓடிக் கால்கள் அரித்துப்போயின. எண்ணை நம்பி இருந்ததில் ஒரு கத்தரிப் பாத்தி வாடிவிட்டது. செடி தலை தொங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆகவே உலோகம் வெளியே தெரியாத ‘கெப்பாசிட்டிவ்’ வகையை வாங்குங்கள். அதிலும் மேல் பகுதியில் தண்ணீர் படக்கூடாது.

உங்கள் மண்ணுக்கு அளவு

உங்கள் வயல் மண்ணை இரண்டு டப்பாவில் எடுங்கள். ஒன்று நன்றாகக் காய்ந்தது. இன்னொன்று தண்ணீர் ஊற்றி வடிந்தது. இரண்டு எண்களையும் குறியுங்கள். இந்த வகையில் காய்ந்த மண்ணுக்குத்தான் பெரிய எண் வரும், குழம்ப வேண்டாம். செம்மண்ணுக்கும் களிமண்ணுக்கும் எண் வேறுபடும். பக்கத்து வயல்காரர் எண் உங்களுக்கு உதவாது.

பிறகு வேர் ஆழத்தில் ஈரமானியை நட்டு, இரண்டு வாரம் தினமும் எண்ணை நோட்டில் எழுதுங்கள். கூடவே அதே ஆழத்து மண்ணைக் கையில் பிடித்து உருட்டிப் பாருங்கள். உருண்டை உதிரும் நாளில் என்ன எண் வந்ததோ, அதுதான் உங்கள் மண்ணுக்குத் தண்ணீர் கட்டும் எண்.

ஒரு எச்சரிக்கை: பலகையின் ஒரு காலில் 20 மில்லி ஆம்பியர் வரைதான் எடுப்பது நல்லது. மோட்டாரை நேரடியாக அதில் இணைக்கவே கூடாது. 415 வோல்ட் ஸ்டார்ட்டரில் கை வைப்பது எலக்ட்ரீசியன் வேலை. நமக்கு எண் தெரிந்தால் போதும், ஸ்விட்சை நாமே போட்டுக்கொள்ளலாம்.

கருவி கையை ஏமாற்றலாம், கையும் சிலசமயம் ஏமாறலாம். இரண்டும் ஒத்துப்போகிற வரை கையையே நம்புங்கள்.