எண்ணெய்ப் புட்டியில் எதைப் படிப்பது?

சமையல் எண்ணெய்ப் புட்டிகளின் முகப்பில் அச்சிடப்படும் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்னும் வாசகம் பொய்யன்று; ஆயினும் கொலஸ்ட்ரால் குறிப்பிடத்தக்க அளவில் விலங்குணவில் மட்டுமே இருப்பதால், எந்தத் தாவர எண்ணெய்க்கும் அது தனிச் சிறப்பாகாது. ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்டிஎல் இரத்தத்தில் கூடுவதற்கு, உணவிலுள்ள கொலஸ்ட்ராலைவிட நிறைவுற்ற கொழுப்பே, அதாவது நெய், வெண்ணெய் போலக் குளிரில் உறையும் கொழுப்புகளில் மிகுந்திருப்பதே, பெருங்காரணமாகிறது. எல்டிஎல்லை இரத்தத்திலிருந்து அகற்றும் கல்லீரலின் திறனை அது குறைத்துவிடுகிறது. தமனிகளை அடைக்கும் படிவுகளுக்கு இந்த எல்டிஎல்லே மூலப்பொருள்.

எனவே, புட்டியின் பின்புற அட்டவணையில் நிறைவுற்ற கொழுப்பின் அளவைப் பார்த்து வாங்குவதே பயன் தரும். நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு, மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்னும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி, அதன் உச்சவரம்பு ஏறத்தாழ 22 கிராம். இரண்டு மேசைக்கரண்டித் தேங்காயெண்ணெயே ஏறக்குறைய அதை எட்டிவிடும். எல்டிஎல் மிகுந்தவர்கள் அதற்கு மாற்றாக, அளவைக் கூட்டாமல், நல்லெண்ணெயையோ கடலையெண்ணெயையோ பயன்படுத்தலாம். வனஸ்பதியைத் தவிர்ப்பதே நன்று. அதன் டிரான்ஸ் கொழுப்பை 2022 முதல் இந்திய விதிகள் 2 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தினாலும், நிறைவுற்ற கொழுப்பு அதில் மிகுதி.