சாப்பிட மறுக்கும் பிள்ளைக்கு எந்தச் சிகிச்சை?

புரட்டாசி முடிந்தும் விரதம் முடியவில்லை. தைப்பூசத்துக்கென்று தொடங்கிய ஒருவேளைச் சாப்பாடு வைகாசியிலும் தொடர்கிறது. எடை இறங்கிக்கொண்டே போகிறது. கேட்டால் "எனக்கு ஒன்றுமில்லை" என்கிறாள் மகள். இதைப் பக்தி, பிடிவாதம் என்று விட்டுவிடாதீர்கள். அனோரெக்சியா என்னும் உணவுமறுப்பு மனநோயாக இருக்கலாம். பையன்களுக்கும் வரும்.

முதலில் உடம்பு

மயங்கி விழுந்தாலோ, பகலில் நாடித்துடிப்பு 50-க்குக் கீழே போனாலோ, தண்ணீரையும் மறுத்தாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மற்றவர்கள் பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானில் கடிதம் வாங்கிக்கொண்டு கோலாலம்பூர் மருத்துவமனை அல்லது கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம்.

மூன்று வழிகள்

குடும்பச் சிகிச்சை: லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவானது. என்ன சாப்பிடுவது, எவ்வளவு என்பதைச் சில மாதங்களுக்குப் பெற்றோரே முடிவு செய்வார்கள். எடை ஏறியதும் பொறுப்பு படிப்படியாகப் பிள்ளையிடம் திரும்பும். ஓராண்டுக்குள் சுமார் 20 அமர்வுகள்.

தனிநபர் சிகிச்சை: பிள்ளை பெரும்பாலும் தனியாகவே சிகிச்சையாளருடன் பேசும். 32 முதல் 40 அமர்வுகள், ஒன்றரை ஆண்டு வரை.

சிந்தனை-நடத்தைச் சிகிச்சை: எடை, உருவம் பற்றிய எண்ணங்களையும் உணவுப் பழக்கத்தையும் பிள்ளையே மாற்றப் பழகும். சுமார் 40 அமர்வுகள். மாற வேண்டும் என்ற எண்ணம் பிள்ளையிடம் கொஞ்சமாவது இருந்தால் எளிது.

எது யாருக்கு?

121 பிள்ளைகளை வைத்து 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சிகிச்சை முடிந்து ஓராண்டில் முழுமையாகத் தேறியவர்கள் குடும்பச் சிகிச்சையில் 49 விழுக்காடு, தனிநபர் சிகிச்சையில் 23. பிரிட்டனின் 2017 வழிகாட்டுதலும் குடும்பச் சிகிச்சையையே முதலில் வைக்கிறது. அது ஒத்துவராதபோதுதான் மற்ற இரண்டும்.

நம் வீடுகளில் ஊட்டி வளர்க்கத் தெரியாதவர் இல்லை. சிக்கல் வேறு: அம்மா தட்டில் வைப்பதைப் பாட்டி "பாவம், விடு" என்று எடுத்துவிடுவார், அத்தை வந்து "இளைச்சு அழகாயிட்டே" என்பார். வீடு ஒரே குரலில் பேசாவிட்டால் குடும்பச் சிகிச்சை பலிக்காது. அப்பா அம்மா இருவருக்கும் ஷிப்ட் வேலை என்றால், பகல் உணவுக்கு யார் கூட உட்காருவது என்பதை முதலிலேயே பேசி வையுங்கள். சாப்பாட்டு மேசை தினமும் சண்டையில் முடிகிறதா? சிகிச்சையாளர் பெற்றோரை மட்டும் தனியே சந்திக்கும் வடிவமும் உண்டு.

தனியாரிடம் போகுமுன்

மருத்துவ உளவியலாளர் என்றால் 774-ஆம் சட்டத்தின் கீழும், ஆலோசகர் என்றால் 580-ஆம் சட்டத்தின் கீழும் பதிவு உண்டா என்று பாருங்கள். அனோரெக்சியா பிள்ளைகளைப் பார்த்த அனுபவம் உண்டா, வாராவாரம் எடை பார்ப்பது யார், பாட்டியிடம் தமிழில் பேசுவாரா என்றும் கேளுங்கள்.

குடும்பச் சிகிச்சையில் நான்காம் அமர்வுக்குள் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறியவர்கள் தேறும் வாய்ப்பு அதிகம். ஏறவில்லையா? கூடுதலாக என்ன செய்யலாம் என்று அந்த வாரமே கேளுங்கள்.