இணைதிறன்: ஆறா, இரண்டா?

ஒன்பதாம் வகுப்பு அலகுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். 'ஆக்சிஜனின் இணைதிறன் யாது?' என்ற ஒரு மதிப்பெண் வினாவுக்குப் பலர் 6 என்று எழுதியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் தவறு போட்டேன். மறுநாள் விடைத்தாளை வாங்கிய ஒரு மாணவி என் மேசைக்கு வந்தாள்.

"சார், ஆக்சிஜனுக்கு இணைதிறன் எலக்ட்ரான் ஆறுன்னு நீங்கதான் போர்டுல எழுதினீங்க. அப்ப ஆறு ஹைட்ரஜன் சேரணும். தண்ணியில ஏன் சார் ரெண்டுதான் இருக்கு?"

"ஆறை எட்டிலிருந்து கழிக்கணும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால், ஏன் கழிக்க வேண்டும் என்பதை நான் வகுப்பில் சொல்லவே இல்லை என்பது அன்று மாலைதான் உறைத்தது. அவள் சரியாகத்தான் சிந்தித்திருக்கிறாள். குழப்பம் என் கற்பித்தலில் இருந்தது.

இணைதிறன், இணைதிறன் எலக்ட்ரான் என்று இரண்டு கருத்துகளுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோம். அதுவும் ஒரே பாடவேளையில், அடுத்தடுத்துச் சொல்கிறோம். மாணவர்கள் இரண்டையும் ஒன்றாக எண்ணுவது இயல்பே. முன்னது, ஓர் அணு எத்தனை ஹைட்ரஜன் அணுக்களோடு இணையும் என்ற எண்ணிக்கை. பின்னது, அணுவின் வெளிக்கூட்டில் உள்ள எலக்ட்ரான்கள்.

வரலாறும் இதையே சொல்கிறது. அணுக்களுக்குக் குறிப்பிட்ட இணையும் திறன் உண்டு என்ற கருத்தை எட்வர்டு பிராங்க்லாந்து 1852-இல் முன்வைத்தார். எலக்ட்ரானை ஜே.ஜே. தாம்சன் கண்டறிந்தது 1897-இல். எலக்ட்ரான்களைப் பங்கிட்டு அணுக்கள் பிணைகின்றன என்று ஜி.என். லூயிஸ் விளக்கியது 1916-இல். ஆக, இணைதிறன் முதலில் வந்தது. அதற்கான காரணம் பின்னால் வந்தது. நான் காரணத்தை முதலில் சொல்லிவிட்டு, இணைதிறனை அவசரமாக முடித்திருந்தேன்.

எனவே வரிசையை மாற்றி மீண்டும் கற்பித்தேன். முதலில் கரும்பலகையில் நான்கு சேர்மங்களை மட்டும் எழுதினேன். ஹைட்ரஜன் ஃபுளூரைடில் ஹைட்ரஜன் 1, நீரில் 2, அம்மோனியாவில் 3, மீத்தேனில் 4. இதிலிருந்து ஃபுளூரின், ஆக்சிஜன், நைட்ரஜன், கார்பன் ஆகியவற்றின் இணைதிறனை மாணவர்களே சொன்னார்கள். எலக்ட்ரான் என்ற சொல்லே அதுவரை வரவில்லை.

அடுத்து, 'ஏன் இப்படி?' என்று கேட்டேன். தரையில் சாக்பீஸால் ஆக்சிஜனின் வெளிக்கூட்டை வட்டமாக வரைந்து, ஆறு புளியங்கொட்டைகளை நான்கு பக்கமும் வைக்கச் சொன்னேன். முதலில் பக்கத்துக்கு ஒன்று. மீதமுள்ள இரண்டையும் ஜோடியாக்க வேண்டும். இப்போது இரண்டு பக்கம் ஜோடி, இரண்டு பக்கம் ஒற்றை. ஹைட்ரஜனின் எலக்ட்ரானுக்கு மக்காச்சோள மணி. ஒற்றைக் கொட்டையின் அருகில் ஒரு மணி வைத்தால் ஜோடி சேர்ந்துவிடும். இரண்டு மணி வைத்ததும் வெளிக்கூட்டில் எட்டு. மூன்றாவது மணியோடு வந்த மாணவன், "எனக்கு இடமே இல்ல சார்" என்றான். வகுப்பே சிரித்தது.

நைட்ரஜனுக்கு ஐந்து கொட்டை, மூன்று ஒற்றை. கார்பனுக்கு நான்கு, நான்குமே ஒற்றை. ஃபுளூரினுக்கு ஏழு, ஓர் ஒற்றை. நியானுக்கு எட்டு, ஒற்றையே இல்லை, இணைதிறன் சுழி. எட்டிலிருந்து கழிப்பது ஏன் என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உலோகங்களுக்கு வேறு வழி. சோடியத்தின் எலக்ட்ரான் அமைப்பு 2, 8, 1. ஏழு எலக்ட்ரான்களைப் பெறுவதைவிட ஒன்றைத் தருவது எளிது. அந்த ஒன்றைக் குளோரின் பெற்றுக்கொள்ள, சாப்பாட்டு உப்பு கிடைக்கிறது. மெக்னீசியம் இரண்டைத் தரும், அலுமினியம் மூன்றைத் தரும். இங்கே இரண்டு எண்களும் ஒன்றாகவே இருக்கும். நாம் பெரும்பாலும் சோடியத்தில் பாடத்தைத் தொடங்குவதும் குழப்பத்துக்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுவது நல்லது. ஹீலியத்தின் ஒரே கூட்டில் இரண்டு எலக்ட்ரான்களே இருந்தாலும் அந்தக் கூடு நிரம்பிவிட்டதால் அதன் இணைதிறன் சுழி. மேலும், எட்டிலிருந்து கழிப்பது எல்லாத் தனிமங்களுக்கும் பொருந்தும் விதி அன்று. பாஸ்பரஸ் 3, 5 என இரு இணைதிறன்களைக் காட்டும். இரும்பு 2, 3 என்று காட்டும்.

அடுத்த தேர்வில் வினாவை மாற்றினேன். 'நைட்ரஜனின் இணைதிறன் எலக்ட்ரான்கள் எத்தனை? இணைதிறன் எத்தனை? இரண்டும் ஏன் வேறுபடுகின்றன?' அந்த மாணவி வட்டம் வரைந்து, ஐந்து புள்ளி வைத்து, ஒற்றையாக நின்ற மூன்றை மட்டும் சுழித்துக் காட்டியிருந்தாள். முழு மதிப்பெண் கொடுத்தேன். விடைத்தாளைத் தரும்போது, "போன தடவை நீ கேட்டது சரியான கேள்விம்மா. நான்தான் அன்னைக்குப் பதில் சொல்லல" என்று வகுப்பின் முன்னிலையிலேயே சொன்னேன்.

தவறான விடைக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருக்கலாம். உங்கள் வகுப்பிலும் யாராவது 6 என்று எழுதினால், அடிக்கும் முன் 'எப்படி வந்தது?' என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.