விழ வேண்டிய தண்டுகள்

அமெரிக்க நாட்டின் ஆரிகன் மாநிலத்தில் போர்ட்லாந்து என்னும் நகர் உள்ளது. அந்நகரிலுள்ள ரீட் கல்லூரியில் 1968ஆம் ஆண்டு முதல் ஓர் ஆய்வு அணு உலை இயங்கி வருகிறது. அதன் வெப்ப ஆற்றல் 250 கிலோவாட். அதிலிருந்து மின்சாரம் எடுப்பதில்லை. ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் வேண்டிய நியூட்ரான்களைப் பெறுவதே அதன் பயன். ஏறத்தாழ ஏழரை மீட்டர் ஆழமுள்ள நீர்த்தொட்டியின் அடியில் உலையின் கருவகம் அமைந்துள்ளது. உலை இயங்கும் வேளையில் தொட்டியின் விளிம்பில் நின்று பார்ப்பவருக்கு நீரின் ஆழத்தில் நீல ஒளி பரவியிருப்பது தெரியும்.

இவ்வுலையைப் பெரும்பாலும் இயக்குவோர் இளநிலைப் பட்டப்படிப்பு மாணவர்கள். இயற்பியல் பயில்வோர் மட்டுமல்லர். இலக்கியம் பயில்வோரும் அவர்களுள் உண்டு. அந்நாட்டின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் நடத்தும் தேர்வில் வென்று, உரிமம் பெற்ற பின்னரே அவர்கள் இயக்கு மேசையின் முன் அமர முடியும். அத்தேர்வுக்கு ஆயத்தமாகும் ஒவ்வொருவரும் நுணுக்கமாகக் கற்க வேண்டிய கருவி ஒன்று உண்டு. அதுவே கட்டுப்பாட்டுத் தண்டு.

யுரேனியம் 235 அணுக்கரு ஒரு நியூட்ரானை ஏற்றுப் பிளவுறும்போது, வெப்பத்தோடு இரண்டு அல்லது மூன்று புதிய நியூட்ரான்களும் வெளிப்படுகின்றன. அவை வேறு அணுக்கருக்களைத் தாக்க, அவையும் பிளவுறுகின்றன. இதனைத் தொடர்வினை என்பர். ஒவ்வொரு பிளவிலிருந்தும் சராசரியாக ஒரே ஒரு நியூட்ரான் அடுத்த பிளவை உண்டாக்கினால் உலையின் ஆற்றல் நிலையாக இருக்கும். அந்த அளவு சற்று மிகுந்தால் ஆற்றல் ஏறும், குறைந்தால் இறங்கும். போரான், காட்மியம் ஆகிய தனிமங்கள் நியூட்ரான்களை விழுங்குவதில் வல்லவை. அவற்றால் ஆன தண்டைக் கருவகத்திற்குள் இறக்கினால் தொடர்வினை அடங்கும். மேலே உயர்த்தினால் வளரும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பிளவு நிகழ்ந்து அடுத்த பிளவு நிகழ நொடியின் மிகச் சிறு பகுதியே ஆகும். அவ்வளவு விரைவான நிகழ்ச்சியை மோட்டாரால் மெல்ல நகரும் ஒரு தண்டு எவ்வாறு கட்டுப்படுத்தும்? விடை நியூட்ரான்களிடமே இருக்கிறது. யுரேனியம் 235 பிளவில் வெளிப்படும் நியூட்ரான்களுள் ஏறத்தாழ 0.65 விழுக்காடு உடனே வெளிவருவதில்லை. பிளவுத் துண்டுகள் சிதையும்போது, சில நொடிகள் முதல் ஓரிரு நிமிடம் வரை தாமதித்து அவை வருகின்றன. நூற்றில் ஒன்றுகூட இல்லாத இந்தப் பிந்திய நியூட்ரான்களைச் சார்ந்தே உலை தன் நிலையில் நிற்குமாறு இயக்குவதால், மனிதர் கவனித்துச் செயலாற்றப் போதிய நேரம் கிடைக்கிறது. தண்டுகளை அளவுமீறி உயர்த்தினால் இப்பாதுகாப்பு அற்றுவிடும். உடனடி நியூட்ரான்களே தொடர்வினையை நடத்தத் தொடங்கும்.

1942 டிசம்பர் 2 அன்று சிகாகோவில் என்ரிகோ பெர்மியின் குழுவினர் உலகின் முதல் அணு உலையை இயக்கியபோது, நெருக்கடிக்கென ஒரு தண்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தனர். அக்கயிற்றை வெட்டுவதற்காக ஓர் அறிவியலாளர் கையில் கோடரியுடன் நின்றார். கோடரிக்கு அன்று வேலை ஏற்படவில்லை. ஆயினும் தண்டைக் கருவகத்திற்குள் செலுத்தும் பணியைப் புவியீர்ப்பிடம் ஒப்படைத்த அந்த எண்ணம் இன்றும் மாறவில்லை.

ரீட் கல்லூரி உலை 'டிரைகா' என்னும் வகையைச் சார்ந்தது. அதில் மூன்று கட்டுப்பாட்டுத் தண்டுகள் உள்ளன. அவற்றுள் நிரம்பியிருப்பது போரான் கார்பைடு. இவ்வகை உலையில் தண்டை நகர்த்தும் பொறியமைப்பு நீர்த்தொட்டிக்கு மேலேயுள்ள பாலத்தில் பொருத்தப்பட்டிருக்கும். மோட்டார் ஒரு பற்சக்கரத்தைச் சுழற்ற, அது பற்கள் வெட்டிய ஒரு நீள்சட்டத்தை மேலும் கீழும் நகர்த்தும். அச்சட்டத்தோடு இணைந்த குழாயின் கீழ்முனையில் ஒரு மின்காந்தம் உண்டு. மின்காந்தம் ஓர் இரும்புத் துண்டைப் பற்றியிருக்கும். அவ்விரும்பிலிருந்து நீண்ட இணைப்புக் கம்பி வழியாகத் தண்டு தொங்கும். மோட்டாருக்கும் தண்டுக்கும் இடையே திருகாணியோ பூட்டோ கிடையாது. காந்தத்தின் பிடி ஒன்றே உறவு. மின்னோட்டம் நின்றால் பிடி விடும். தண்டு தன் எடையால் விழும். மின்வெட்டு ஏற்பட்டாலும், கம்பி அறுந்தாலும், இயக்குபவர் அவசரப் பொத்தானை அழுத்தினாலும் விளைவு ஒன்றே. கெட்டுப்போனால் நின்றுவிடும் வண்ணம் ஒரு கருவியை அமைப்பது எளிதாகத் தோன்றலாம். நம் வீட்டு மின்கருவிகளுள் எத்தனை அவ்வாறு அமைந்துள்ளன என்று எண்ணிப் பார்த்தால் அதன் அருமை புலப்படும்.

விழும் தண்டு அடியில் மோதிச் சிதையாதிருக்கவும் ஏற்பாடு உண்டு. இணைப்புக் கம்பியில் ஓர் உந்துதண்டு பொருத்தப்பட்டு ஓர் உருளைக்குள் செல்கிறது. உருளையின் மேற்பகுதியில் துளைகள் உள்ளமையால் நீர் தடையின்றி வெளியேறும். கீழ்ப்பகுதி மூடியிருப்பதால், கடைசிச் சில சென்டிமீட்டரில் நீரே மெத்தையாகி வேகத்தைத் தணிக்கிறது.

டிரைகா உலையின் எரிபொருளுக்கே ஓர் இயல்பு உண்டு. யுரேனியத்தோடு சிர்க்கோனியம் ஹைட்ரைடு கலந்த அந்த எரிபொருள் சூடேறினால் தொடர்வினை தானாகவே தளரும். அவ்வாறாயின் தண்டு எதற்கு? எரிபொருளின் இயல்பு திடீர் எழுச்சியை அடக்குமேயன்றி உலையை முற்றிலும் நிறுத்தாது. குளிர்ந்ததும் மீண்டும் வினை தலைதூக்கும். நிறுத்தி, நிறுத்திய நிலையிலேயே வைத்திருப்பது தண்டின் கடமை.

அக்கடமையைத் தண்டு ஆற்றுமா என்பதை அறியவே சோதனைகள் நடைபெறுகின்றன. அவற்றுள் முதன்மையானது வீழ்நேரச் சோதனை. ஒரு தண்டை முழு உயரத்திற்குத் தூக்குவர். காந்தத்தின் மின்னோட்டத்தை நிறுத்துவர். அக்கணம் கடிகாரம் ஓடத் தொடங்கும். தண்டு அடியைத் தொட்டதும் அங்குள்ள சுவிட்சு கடிகாரத்தை நிறுத்தும். இவ்வகை உலைகள் பலவற்றில் இந்த நேரம் ஒரு நொடியை மிஞ்சக்கூடாது என்பது விதி. தண்டு கடக்கும் தொலைவு ஏறத்தாழ 38 சென்டிமீட்டர். தடையேதுமின்றி விழும் பொருள் அத்தொலைவைக் கடக்க 0.28 நொடி போதும். நீரின் தடையாலும், மின்னோட்டம் நின்ற பின்னும் காந்தத்தன்மை மறைய ஆகும் சிறு தாமதத்தாலும் உண்மையான நேரம் அதனினும் கூடும்.

கிடைத்த எண் விதிக்குள் அடங்கியதோடு பணி முடிந்துவிடாது. சென்ற ஆண்டின் எண்ணோடும், அதற்கு முந்தைய ஆண்டின் எண்ணோடும் அதனை ஒப்பிட வேண்டும். ஆண்டுதோறும் சிறிது சிறிதாக நேரம் கூடிவந்தால், உருளைக்குள் அழுக்கு சேர்ந்திருக்கலாம். இணைப்புக் கம்பி வளைந்து உராயலாம். இரும்பில் காந்தத்தன்மை எஞ்சி நிற்கலாம். எண் ஒன்றாயினும் காரணம் பல. பதிவேட்டைப் பொறுமையுடன் புரட்டுபவருக்கே அவை பிடிபடும்.

மற்றொரு சோதனை தண்டின் வலிமையை அளப்பது. தண்டைச் சிறிது உயர்த்தி, ஆற்றல் எவ்வளவு நேரத்தில் ஒரு குறித்த மடங்கு பெருகுகிறது எனக் கணக்கிடுவர். பின்னர் மேலும் சிறிது உயர்த்துவர். தண்டின் முனை கருவகத்தின் நடுப்பகுதியில் நகரும்போது ஒரு சென்டிமீட்டர் நகர்வின் விளைவு மிகுதி. மேல், கீழ் ஓரங்களில் குறைவு. நடுவில் நியூட்ரான்கள் செறிந்திருப்பதே அதற்குக் காரணம்.

இவற்றினும் கடினமான பணி தண்டைக் கழற்றிப் பார்ப்பதாகும். போரான் நியூட்ரானை விழுங்கும்போது லித்தியமும் ஹீலியமும் தோன்றுகின்றன. ஹீலியம் வாயுவாதலால் ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளே அழுத்தம் கூடும். உறை வீங்கவோ விரியவோ கூடும். ஆதலால் தண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து உறையைக் கண்ணால் ஆராய்வர். தண்டு கதிரியக்கம் கொண்டிருப்பதால் நீரே திரையாக நிற்க, நீருக்கு அடியிலேயே பெரும்பகுதி வேலை நடைபெறும். பாலத்தில் நிற்பவர் திருப்புளியைக்கூடக் கயிற்றால் கட்டி வைத்துக்கொள்வார். தவறி விழும் ஒரு சிறு திருகாணி தண்டின் வழியை அடைத்துவிடக்கூடும். பாலத்தில் ஒருவர் பணியாற்ற, இயக்கு மேசையில் மற்றொருவர் நியூட்ரான் அளவியைக் கண்காணிப்பார். அவர் சொல்வதை இவர் திரும்பச் சொல்லி உறுதிசெய்த பின்னரே அடுத்த செயல்.

இவ்வளவு எச்சரிக்கை ஏன் என்பதற்கு ஐடஹோ பாலைவனம் விடை கூறும். அங்கு எஸ்எல்-1 என்னும் சிறிய இராணுவ உலை ஒன்று இருந்தது. அதன் வெப்ப ஆற்றல் 3 மெகாவாட். விடுமுறைக்காக 1960 டிசம்பர் 23 அன்று அதை நிறுத்தினர். பின்னர் அளவீட்டுப் பணிக்காகத் தண்டுகளின் இயக்கமைப்புகளைக் கழற்றினர். 1961 ஜனவரி 3 இரவுப் பணிக்கு வந்த மூவருக்கு அவற்றை மீண்டும் பூட்டும் வேலை தரப்பட்டது. அதற்கு நடுத்தண்டைக் கையால் 10 சென்டிமீட்டர் அளவே உயர்த்த வேண்டும். இரவு 9 மணி அளவில் அத்தண்டு ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்தில் ஆற்றல் ஏறத்தாழ 20,000 மெகாவாட்டை எட்டியது. நீர் நீராவியாகப் பொங்கி மூடியைத் தாக்க, உலைக்கலம் முழுவதும் இரண்டரை மீட்டருக்கும் மேல் எழும்பி விழுந்தது. மூவரும் உயிரிழந்தனர்.

தண்டு ஏன் அவ்வளவு உயர்ந்தது என்பதற்கு விசாரணையில் உறுதியான காரணம் கிடைக்கவில்லை. எனினும் இரண்டு செய்திகள் வெளிப்பட்டன. அவ்வுலையின் தண்டுகள் முந்தைய மாதங்களில் பலமுறை சிக்கிக்கொண்டதாகப் பதிவேட்டில் இருந்தது. பதிவுசெய்த பின்னரும் உலை இயங்கியே வந்தது. மற்றொன்று வடிவமைப்பு பற்றியது. மற்றத் தண்டுகளெல்லாம் உள்ளே இருக்க, அந்த ஒற்றை நடுத்தண்டே உலையை இயக்கிவிடும் வலிமை பெற்றிருந்தது. பிழைபட்ட கை ஒன்றானாலும் பிழைக்கு இடம் வைத்த வரைபடத்தை விட்டுவிட்டு அக்கையை மட்டும் பழிப்பது நேர்மையாகாது. மிக வலிய தண்டு ஒன்று முழுவதும் வெளியே சிக்கிக்கொண்டாலும் எஞ்சியவை உலையை நிறுத்த வல்லனவாக இருக்க வேண்டும் என்னும் விதி, இவ்விபத்துக்குப் பின் வலுப்பெற்றது.

இந்தியாவிலும் ஆய்வு உலைகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. மும்பையை அடுத்த டிராம்பேயில் 1956 ஆகஸ்ட் 4 அன்று இயங்கத் தொடங்கிய அப்சரா, நீர்த்தொட்டி வகையைச் சார்ந்தது. தமிழ்நாட்டின் கல்பாக்கத்தில் 1996இல் இயங்கத் தொடங்கிய காமினி, தோரியத்திலிருந்து பெறப்படும் யுரேனியம் 233ஐ எரிபொருளாகக் கொண்டது. ஆற்றல் 30 கிலோவாட். அதில் தண்டுக்கு மாறாகக் காட்மியத் தகடுகள் இரண்டு அப்பணியைச் செய்கின்றன.

பராமரிப்பு முடிந்து தண்டு மீண்டும் பூட்டப்பட்டதும் வீழ்நேரச் சோதனை மறுபடியும் நடைபெறும். முந்தைய நாள் சரியாக விழுந்த தண்டுதானே என்று அதனை விட்டுவிடுவதில்லை. தண்டைத் தூக்குவர், மின்னோட்டத்தை நிறுத்துவர், எண்ணைப் பதிவேட்டில் எழுதுவர். சோதித்தவரும் சரிபார்த்தவரும் கையொப்பமிட்ட பின்னரே உலையை இயக்க இசைவு கிடைக்கும்.

சொல் அறிவோம்

தண்டு என்பதனைச் சில நூல்கள் கழி என்றும் கூறும். 'வீழ்நேரம்' என்னும் தொடரில் 'வீழ்' என்பது வினைப்பகுதி. வீழ்ந்த நேரம், வீழ்கின்ற நேரம், வீழும் நேரம் என முக்காலத்திற்கும் பொருந்துவதால் இது வினைத்தொகை. பாடத்தில் 'உந்துதண்டு', 'நீள்சட்டம்' ஆகியனவும் இவ்வாறு அமைந்துள்ளன.

பயிற்சி

1. மோட்டாருக்கும் தண்டுக்கும் இடையே மின்காந்தத்தை வைத்ததால் விளையும் பயன் யாது?

2. வீழ்நேரம் 0.50, 0.56, 0.63, 0.71 நொடி என நான்கு ஆண்டுகளில் பதிவாகியிருப்பதாகக் கொள்க. விதி மீறப்படவில்லை. நீவிர் பொறுப்பாளராயின் என்ன செய்வீர்? ஐந்து வரிகளில் எழுதுக.

3. எஸ்எல்-1 உலையின் பதிவேட்டில் இருந்த செய்தி யாது? அதனைப் படித்த ஒருவர் மேலதிகாரிக்கு எழுதுவதாக ஒரு கடிதம் வரைக.

4. உம் வீட்டிலுள்ள கருவிகளுள், பழுதுற்றால் தானே நின்றுவிடுவது ஒன்றையும் நில்லாதது ஒன்றையும் பெற்றோரிடம் கேட்டறிந்து, அவற்றின் பெயர்களைத் தமிழில் எழுதுக.