சட்டைப் பைக்குள் எட்டிப் பார்க்கும் போலீஸ்

கேள்வி: என் மகள் நியூயார்க்கில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். தெருவில் போகிறவர்கள் துப்பாக்கி வைத்திருக்கிறார்களா என்று அங்கே போலீஸ் தூரத்தில் இருந்தபடியே ஏதோ கருவியில் பார்க்கிறார்களாம். பழைய பத்திரிகை ஒன்றில் படித்தேன். துணிக்குள் பார்க்கிற கருவி என்றால் உடம்பும் தெரியுமா? கேட்காமல் கொள்ளாமல் இப்படிப் பார்க்கச் சட்டம் விடுகிறதா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: உடம்பு தெரியாது, அம்மா. நீங்கள் படித்தது, அப்போதைய நியூயார்க் போலீஸ் கமிஷனர் ரேமண்ட் கெல்லி 2013 ஜனவரியில் காட்டிய டெராஹெர்ட்ஸ் கருவியைப் பற்றியதாக இருக்கும். அது நம் மேல் எந்தக் கதிரையும் பாய்ச்சுவதில்லை. நம் உடம்பிலிருந்து எப்போதும் வெளிப்படும் ஒருவகைக் கதிர் துணியைத் தாண்டிவிடும், உலோகத்தைத் தாண்டாது. இடுப்பில் துப்பாக்கி இருந்தால் அந்த இடம் மட்டும் திரையில் கறுப்பாகத் தெரியும். மற்றபடி முகம் கூட அடையாளம் தெரியாத ஒரு பச்சை உருவம்தான்.

ஆனால் எனக்குக் கவலை வேறு. கருவி எதைப் பார்க்கிறது என்பதைவிட, பார்த்ததை என்ன செய்கிறார்கள் என்று யார் கண்காணிப்பது? ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோ நகரில் ஒரு நீதிமன்ற வாசலில் வைத்திருந்த ஸ்கேனர் சுமார் 35,000 படங்களைச் சேமித்து வைத்திருந்தது, தகவல் கேட்டு விண்ணப்பித்த பிறகே 2010-ல் வெளியே வந்தது. விமான நிலைய ஸ்கேனர்கள் எதையும் சேமிப்பதில்லை என்று அரசு மக்களுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. நியூயார்க் போலீஸிடம் எக்ஸ்ரே பாய்ச்சும் வேன்களும் உண்டு. அவற்றை எங்கே, எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு செய்தியாளர் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

சட்டத்துக்கு வருவோம். காரணமில்லாத சோதனையைத் தடுக்கிறது அமெரிக்க அரசமைப்பின் நான்காவது திருத்தம். ஆரிகன் மாநிலத்தில் ஒருவர் வீட்டுக்குள் கஞ்சா வளர்க்கிறாரா என்று போலீஸ் தெருவில் காரில் இருந்தபடியே வெப்பத்தைப் படமாகக் காட்டும் கருவியால் சுவரைப் பார்த்தது. வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. இருந்தும் வாரண்ட் இல்லாமல் அப்படிப் பார்த்தது சட்டவிரோதச் சோதனைதான் என்று 2001-ல் 5–4 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சரி, அது வீடு; தெருவில் நடக்கிறவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று போலீஸ் தரப்பு வாதிடலாம். அதற்கு முந்தைய வருடத்துத் தீர்ப்பு ஒன்று எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது. பஸ்ஸில் பயணியின் பையை எல்லையோரக் காவலர் ஒருவர் வெளியிலிருந்து அழுத்திப் பார்த்தார். உள்ளே போதைப்பொருள் இருந்ததும் உண்மை. ஆனாலும் அந்த அழுத்தலே சட்டத்துக்குப் புறம்பான சோதனை என்றது கோர்ட். பையை விரலால் அழுத்தக் கூடாதென்றால், சட்டைப் பையைக் கருவியால் துழாவலாமா? தெருவில் போகிறவரை ஸ்கேன் செய்வது பற்றி உச்ச நீதிமன்றம் இதுவரை நேரடியாக எதுவும் சொன்னதில்லை.

போலீஸ் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. 2011-ல் மட்டும் நியூயார்க் போலீஸ் 6,85,724 முறை ஆட்களை நிறுத்தியது. பெரும்பாலோர் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர்கள். பத்தில் ஒன்பது பேர் போல எந்தக் குற்றச்சாட்டும் இல்லாமல் போனவர்கள். கருவி வந்தால் இப்படி ஆட்களை நிறுத்தித் தடவிப் பார்ப்பது குறையும் என்கிறார்கள். குறையலாம்தான். ஆனால் நிறுத்துவதற்காவது ஏதோ ஒரு சந்தேகம் வேண்டும். கருவிக்கு அதுவும் வேண்டாம், எதிரில் வருகிறவர் எல்லோரையும் அது சோதித்துவிடும். தவிர, 2022-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு உரிமம் பெற்றவர் வெளியே துப்பாக்கி எடுத்துச் செல்வது அங்கே உரிமை. இடுப்பில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் அவர் குற்றவாளிதானா என்று கருவி சொல்லாது.

2024 கோடையில் அந்த நகரம் சுரங்க ரயில் நிலையங்களில் வேறொரு வகை ஸ்கேனரை ஒரு மாதம் வைத்துப் பார்த்தது. இது வாசல் போல நடந்து கடப்பது, துணிக்குள் படம் எடுப்பதில்லை. 2,749 முறை சோதித்ததில் 12 கத்திகள் கிடைத்தன. துப்பாக்கி ஒன்று கூட இல்லை. ஒன்றுமில்லாமல் மணி அடித்தது 118 தடவை. அதே ஆண்டு நவம்பரில், தன் கருவியின் திறமையை மிகைப்படுத்தி விளம்பரம் செய்ததாக அந்த ஸ்கேனரைத் தயாரித்த நிறுவனத்தின் மேல் மத்திய வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 

உங்கள் மகளிடம் இதைச் சொல்லி வையுங்கள். ரயில் நிலையத்தில் பைச் சோதனையோ ஸ்கேனரோ எதிர்ப்பட்டால் மாட்டேன் என்று சொல்லலாம். அந்த வாசல் வழியாக உள்ளே போக முடியாது, அவ்வளவுதான். தெருவில் போலீஸ் நிறுத்தினால் கையைத் தட்டிவிடவோ ஓடவோ கூடாது. "சோதனைக்கு எனக்குச் சம்மதமில்லை" என்று ஆங்கிலத்தில் ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிட்டு, "நான் போகலாமா?" என்று கேட்கட்டும். அதன் பிறகும் சோதித்தால் எதிர்க்க வேண்டாம், காவலரின் பேட்ஜ் எண்ணைக் குறித்துக்கொள்ளட்டும். சம்மதமில்லை என்று சொன்னது, பின்னால் வழக்கு என்று வந்தால் வக்கீலுக்கு உதவும்.