சுழற்படியின் அளவிலக்கணம்

சென்னிமலை முருகன் கோயிலுக்கு நடந்து ஏறுவோர் 1320 படிகளைக் கடக்கின்றனர். அம் மலைப்படியிற் கால் ஓய்தல் உண்டேயன்றி, அடிவைக்க இடம் போதாமை இல்லை. அடிவாரத்து வீடுகளின் நிலையோ வேறு. தறி வைத்த வீட்டில் தரைப்பகுதியைத் தறியே கொள்ளுமாதலின், குடும்பம் பெருகுங்கால் மேலே ஓர் அறை எடுத்தல் இயல்பு. படிக்கு எஞ்சுவது சுவரோரத்து மூலை ஒன்றே. அம்மூலைக்குப் பொருந்துவதென்று இரும்புச் சுழற்படியை நாடுவர். அஃது எவ்வளவினதாய் இருத்தல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

நேர்ப்படிக்கு விதி எளிது. 2005-ஆம் ஆண்டின் இந்தியத் தேசியக் கட்டட நெறித்தொகுப்பு, குடியிருப்பின் உட்படிக்கு உயரம் 190 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது என்றும், மிதியகலம் 250 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்றும் வகுத்தது. கொத்தர் கணக்கில் இவை ஏறத்தாழ 7½ அங்குலமும் 10 அங்குலமும் ஆம்.

சுழற்படியில் இவ்விதி நில்லாது. அதன் மிதி விசிறியின் மடிப்புப் போல்வது. நடுக்கம்பத்தருகே ஓரங்குலமும், வெளியோரத்தில் ஓரடிக்கு மேலும் அகன்றிருக்கும். எவ்விடத்தில் அளப்பது? அமெரிக்க நாட்டில் தனிவீடுகளுக்கென வழங்கும் நெறித்தொகுப்பு இதற்கு நல்ல விடை தருகின்றது. அடி விழுவது குறுகிய ஓரத்தினின்று 12 அங்குலம் தள்ளி எனக் கொண்டு, அவ்விடத்து மிதி 6¾ அங்குலத்திற்குக் குறையலாகாது என்கின்றது. தலைக்குமேல் 6 அடி 6 அங்குல வெளியும், நடக்க 26 அங்குல அகலமும் வேண்டும். படியுயரம் 9½ அங்குலம் வரை போகலாம். இவ்வுயரம் மிகையெனத் தோன்றும். ஆயினும் 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கட்டடநூலார் பிளாண்டெல் கண்ட முறைப்படி, இரண்டு படியுயரமும் ஒரு மிதியும் கூடி ஓர் எட்டின் நீளமாக, நம் அங்குலத்தில் 25½ அளவில், நிற்றல் வேண்டும். 9½-ஐ இரட்டித்து 6¾ கூட்டின் 25¾ வருதல் காண்க. முதியோர் உள்ள வீட்டிற்கு அவ்வுயரம் ஆகாதென்பதே என் கருத்து.

இனிக் கணக்கிடுவோம். விட்டம் 5 அடி, நடுக்கம்பம் 4 அங்குலக் குழாய், படியுயரம் 7½ அங்குலம் என்க. அடி விழும் வட்டத்தின் ஆரம் 14 அங்குலம். சுற்றளவு 88 அங்குலம். ஒரு சுற்றுக்கு 10 படி வைத்தால் மிதி தாராளமாய்க் கிடைக்கும். ஆனால் அச்சுற்றின் ஏற்றம் 75 அங்குலமே ஆதலின் மேற்படி தலையில் இடிக்கும். 14 படி வைத்தால் தலை தப்பும். மிதி 6¼ அங்குலமாய்க் குறுகும். 11, 12, 13 என்னும் மூன்றெண்களே இரண்டு விதிக்கும் உட்படுவன.

இங்கே ஒரு சோதனை நேர்கின்றது. 10 அடி உயர மாடிக்கு 16 ஏற்றம் வேண்டும். கீழே ஏறிய பக்கத்திலேயே மேலே சென்று சேரவேண்டும் என்று வீட்டார் கேட்பின், பட்டறைக்காரர் பதினாறையும் ஒரே சுற்றில் அடைப்பர். மிதி 5½ அங்குலமாய்விடும். ஏறுவோர்க்கு முன்பாதம் ஊன்றினாற் போதும். இறங்குவோர்க்கோ குதிகால் மட்டும் படியில் நிற்க, முன்பாதம் வெளியே தொங்கும். நூற்கட்டைச் சுமந்து இறங்குபவர் தம் காலடியைக் காணவும் மாட்டார். 12 படிக்கு ஒரு சுற்றாக விட்டு, மேல்வாயிலை மூன்றிலொரு வட்டம் தள்ளி வைத்தலே தக்கது. வாயிலை மாற்றவேண்டுமேல், இரும்பு வாங்குமுன் மாற்றுக.

மூலை சிறிதென்று விட்டத்தை 4 அடியாகக் குறைப்பாரும் உளர். ஆரம் 24 அங்குலத்தில் கம்பத்துக்கும் கைப்பிடிக்கும் இவ்விரண்டு கழியின் 20 அங்குலமே எஞ்சும். அதில் கட்டில் ஏறாது. பிணியாளரைத் தாங்கி இறக்கவும் இயலாது. தீயினின்று தப்பும் வழியாக அமையும் சுழற்படிக்கு மேற்கூறிய இந்திய நெறித்தொகுப்பு, விட்டம் 1500 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்றும், ஆட்கள் குறைந்த, 9 மீட்டர் உயரத்துக்கு மேற்படாத கட்டடத்திற்கே அஃது உரித்தென்றும் விதித்தது இதுபற்றியே போலும்.

அட்டாலிக்குச் சார்த்தும் ஏணிப்படி இவற்றுட் சேராது. பண்டம் எடுத்துவைக்க அது போதும். மேலே உறங்குவாருண்டேல் போதாது. அதில் இறங்குபவர் படியை நோக்கியே முகம் வைத்தல் வேண்டும். இடக்காலுக்கும் வலக்காலுக்கும் மாறிமாறி மிதி வைத்த ஏணியாயின் முன்னோக்கி இறங்கலாம். ஆயினும் எக்காலை முதலில் எடுப்பது என்பதை வீட்டார் அனைவரும் பழகியிருத்தல் வேண்டும்.