வீட்டிற்கு ஏற்ற விளக்கு: ஜூரோங் தரும் பாடம்

விடியுமுன் பால்மரம் வெட்டச் செல்லும் தொழிலாளி, நெற்றியில் ஒரு சிறு விளக்கைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறார். அவ்விளக்கு காடு முழுவதையும் பகலாக்குவதில்லை. வெட்டுக்கோட்டின் மீதும் உளியின் முனை மீதும் மட்டுமே அதன் ஒளி விழுகிறது. மரத்திற்குக் காயம் ஏற்படாமல் பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க அதுவே போதுமானது.

ஆனால், அதே தொழிலாளியின் வீட்டில் நிலை என்ன? கூடத்தின் நடுவே ஒரே ஒரு குழல் விளக்கு தொங்குகிறது. சுவரோரம் அமர்ந்து படிக்கும் பிள்ளையின் தலைநிழல் புத்தகத்தின் மீதே விழுகிறது. அடுப்படியில் நிற்பவருக்குச் சட்டியின் உட்புறம் தெரிவதில்லை. காட்டில் நாம் நன்கு அறிந்த ஓர் உண்மையை வீட்டில் மறந்து விடுகிறோம். வேலை எங்கு நடைபெறுகிறதோ அங்கே ஒளி விழவேண்டும் என்பதே அவ்வுண்மை. வீட்டைப் புதுப்பிக்க எண்ணுவோர் முதலில் மனத்திற் கொள்ளவேண்டியதும் இதுவேயாகும்.

தோட்டம் நகரான கதை

சிங்கப்பூரின் மேற்கே உள்ள ஜூரோங், ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்களும் இறால் குளங்களும் சதுப்பு நிலமும் நிறைந்த பகுதியாக இருந்தது. 1961ஆம் ஆண்டில் அங்குத் தொழிற்பேட்டை அமைக்கும் பணி தொடங்கிற்று. 1968இல் ஜூரோங் நகராண்மைக் கழகம் நிறுவப்பெற்றது. ஆலைகளைத் தொடர்ந்து தொழிலாளர்களுக்கான அடுக்குமாடி வீடுகளும் எழுந்தன. இன்று அவ்வீடுகளுள் பல பழையனவாகிவிட்டதால், குடியிருப்போர் அவற்றைப் புதுப்பித்து வருகின்றனர். அவ்வாறு புதுப்பிக்கும்போது அவர்கள் கைக்கொள்ளும் முறைகளும், பட்டறிவால் கற்ற பாடங்களும் தோட்டத்து வீடுகளுக்கும் பொருந்துவனவாகும்.

வாட் வேறு, வெளிச்சம் வேறு

கடைக்குச் சென்று, "அறுபது வாட் பல்பு ஒன்று தாருங்கள்" என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். வாட் என்பது விளக்கு உண்ணும் மின்சாரத்தின் அளவே தவிர, அது தரும் வெளிச்சத்தின் அளவன்று. வெளிச்சத்தின் அளவை லூமன் என்பர். 60 வாட் இழை பல்பு ஏறத்தாழ 800 லூமன் வெளிச்சம் தரும். அது உட்கொள்ளும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாகிறது. அதே 800 லூமன் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. விளக்கு தந்துவிடுகிறது.

இதனால் விளையும் சிக்கனத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 60 வாட் பல்பு நாளொன்றுக்கு 5 மணி நேரம் எரிந்தால், 30 நாளில் 9 யூனிட் மின்சாரம் செலவாகும். 9 வாட் எல்.இ.டி. விளக்கிற்கோ 1.35 யூனிட் போதும். நான்கு விளக்குகள் உள்ள வீட்டில் 36 யூனிட் செலவாகும் இடத்தில் 5.4 யூனிட் மட்டுமே செலவாகும்.

இவ்வெண்மை ஒளிக்கு வழிவகுத்தது நீல நிற எல்.இ.டி. கண்டுபிடிப்பு ஆகும். அதற்காக ஜப்பானியரான இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ ஆகியோருக்கும், ஜப்பானில் பிறந்த சூஜி நாகாமுராவுக்கும் 2014ஆம் ஆண்டில் இயற்பியல் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. குழல் விளக்குகளில் பாதரசம் உண்டு, எல்.இ.டி.யில் அது இல்லை. எனவே, பழுதான பழைய குழல்களை உடைத்துக் குப்பைக் குழியில் எறிதல் தகாது.

எவ்வளவு ஒளி வேண்டும்?

ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் ஒரு லூமன் ஒளியை ஒரு லக்ஸ் என்பர். உட்கார்ந்து பேசும் கூடத்திற்கு 100 முதல் 150 லக்ஸ் போதுமானது. சமையலறைக்கு 200 முதல் 300 வரையும், படிக்கும் மேசைக்கு 300 முதல் 500 வரையும் இருத்தல் நலம்.

எடுத்துக்காட்டாக, 3 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் அகலமும் உடைய சமையலறையின் பரப்பு 7.5 சதுர மீட்டர். இதனை 200ஆல் பெருக்கினால் 1,500 லூமன் வரும். சுவரும் கூரையும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடுமாதலால், ஏறத்தாழ 2,250 லூமன் தரும் விளக்குகளை வாங்கவேண்டும். நான்கு அடி நீள எல்.இ.டி. குழல் ஒன்றும், அடுப்பு மேடைக்கு மேல் ஒரு சிறு விளக்கும் இதற்குப் போதும். சுவருக்கு வெள்ளை பூசினால் செலவின்றியே வெளிச்சம் கூடும்.

படிக்கும் பிள்ளைக்குக் கூரை விளக்கைப் பெரிதாக்குவதைவிட, ஒரு மேசை விளக்கை அருகில் வைப்பதே சிறந்தது. சிறு விளக்கொன்றிலிருந்து நாம் இருமடங்கு தூரம் விலகினால், கிடைக்கும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு இடப்புறத்திலிருந்து ஒளி வந்தால் கைநிழல் எழுத்தின் மீது விழாது.

ஒளியின் நிறம்

பெட்டியின் மீது கெல்வின் என்னும் அளவு அச்சிடப்பட்டிருக்கும். 2,700 முதல் 3,000 வரையுள்ளது மஞ்சள் கலந்த ஒளி. ஓய்வுக்கும் படுக்கையறைக்கும் ஏற்றது. 4,000 என்பது நடுத்தர வெண்மை. சமையலுக்கும் படிப்புக்கும் ஏற்றது. 6,500 என்பது நீலம் சார்ந்த பகலொளி. "அதிக கெல்வின் என்றால் அதிக வெளிச்சம்" என்று கருதுவது தவறு. மேலும், நிறங்காட்டும் குறியீடு 80க்குக் குறையாத விளக்கை வாங்கினால், மீன், காய்கறி ஆகியவற்றின் இயல்பான நிறம் தெரியும்.

பொருத்தும் இடம்

ஜூரோங் அடுக்குமாடிகளில் கூரை காங்கிரீட்டால் ஆனது. ஆதலின், புதிய மின்கம்பிகளைக் குழாயிலோ மூடியுள்ள பட்டைக் கூட்டிலோ செலுத்தி மேற்பரப்பில் பொருத்துவர். அல்லது பொய்க் கூரை அமைத்து அதனுள் மறைப்பர். அங்குப் பலரும் செய்யும் தவறு ஒன்றுண்டு. கூரை விசிறியின் இறக்கைகளுக்கு நேர் மேலே விளக்குகளைப் பதித்துவிடுவர். விசிறி சுழலும்போது நிழல் விட்டுவிட்டு விழுந்து கண்ணைக் கூசச் செய்யும். விசிறிச் சுற்றுக்கு வெளியே விளக்குகளைப் பொருத்தினால் இத்தொல்லை நேராது.

தோட்டத்து வீடுகளில் பலகைச் சுவரும் மெல்லிய கூரைத் தட்டிகளும் இருக்கும். கனமான விளக்கைத் தட்டியில் தொங்கவிடாமல் உத்திரத்தில் பொருத்தவேண்டும். தட்டி பழைய கல்நார்த் தகடாக இருப்பின், அதில் துளையிடக்கூடாது; அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு செய்யும். குளியலறைக்கு நீர்த்துளி புகாத வகை விளக்கையே வாங்கவேண்டும். வீடு நிர்வாகத்துக்கு உரியதாயின், எவ்வேலைக்கும் முன்பாக அலுவலகத்தில் தெரிவிக்கவேண்டும்.

உயிர் காக்கும் கருவி

ஒளியைப் பற்றி இதுவரை கூறினோம். விளக்கிற்குப் பின்னால் ஓடும் கம்பியைப் பற்றிக் கூறுவது அதனினும் முக்கியமானதாகும்.

2020ஆம் ஆண்டின் இறுதியில் ஜூரோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் மின்சாரம் தாக்கி உயிரிழந்தனர். வெந்நீர்க் கருவியில் ஏற்பட்ட மின்கசிவு அதற்குக் காரணமாயிற்று. அப்பழைய வீட்டில் ஆர்.சி.சி.பி. எனப்படும் மின்கசிவுத் துண்டிப்பான் பொருத்தப்பட்டிருக்கவில்லை.

"ஃபியூஸ் இருக்கிறதே, அது காப்பாற்றாதா?" எனச் சிலர் கேட்கலாம். ஃபியூஸ், அளவுக்கு மீறிய மின்சாரம் பாய்ந்து கம்பி தீப்பற்றாமல் காப்பது; மனிதரைக் காப்பதற்கென அமைந்ததன்று. 9 வாட் விளக்கில் ஓடும் மின்னோட்டம் 40 மில்லி ஆம்பியருக்குக் குறையாது. அவ்வளவு சிறிய மின்னோட்டம் மார்பின் வழியே பாய்ந்தாலும் உயிருக்கு ஆபத்து நேரலாம். ஆனால் ஃபியூஸ் அதனை அறியவே அறியாது. துண்டிப்பானோ, வீட்டிற்குள் செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பி வருவதையும் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது. எங்கேனும் கசிந்து 30 மில்லி ஆம்பியர் வேறுபாடு ஏற்பட்டால், நொடியின் சிறு பகுதிக்குள் மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

சிங்கப்பூரில் 1985ஆம் ஆண்டு ஜூலை முதல் புதிய வீடுகளுக்கு இக்கருவி கட்டாயமாக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கி எல்லா வீடுகளுக்கும் அது கட்டாயமாயிற்று. பழைய வீடுகளுக்கு ஈராண்டு அவகாசம் அளிக்கப்பட்டது. கருவி இருந்தால் மட்டும் போதாது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கவேண்டும். அழுத்தியவுடன் மின்சாரம் துண்டிக்கப்படவில்லையெனில் கருவி பழுதடைந்துள்ளது என்பது பொருள்.

நாமே செய்யலாமா?

விசையை அணைத்து, பல்பு ஆறியபின் அதனை மாற்றுவது எவரும் செய்யக்கூடியதே. ஆனால் கம்பியைத் தொடும் வேலை அதனின்று வேறுபட்டது. சிங்கப்பூரில் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளரே கம்பி வேலைகளைச் செய்யவேண்டும். மலேசியாவில் எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று பெற்ற ஒயர்மேனை அழைக்கவேண்டும்.

இதற்குத் தக்க காரணங்கள் உண்டு. சிங்கப்பூரில் 2009ஆம் ஆண்டில் வீட்டுக் கம்பிகளின் நிறங்கள் மாற்றப்பட்டன. முன்பு சிவப்பு, மின்சாரம் வரும் கம்பியையும், கறுப்பு, திரும்பும் கம்பியையும் குறித்தன. அவற்றின் இடத்தைப் பழுப்பும் நீலமும் பெற்றன. பழைய மும்முனை இணைப்புகளிலோ நீலமே மின்சாரம் வரும் கம்பிகளுள் ஒன்றாக இருந்தது. நிறத்தை நம்பிக் கைவைப்பவர் ஏமாறக்கூடும். மேலும், விசையானது மின்சாரம் வரும் கம்பியிலேயே அமைந்திருக்கவேண்டும். திரும்பும் கம்பியில் மாற்றிப் பொருத்திவிட்டால், விளக்கு அணைந்திருந்தாலும் அதன் தாங்கியில் மின்சாரம் இருக்கும். அணைத்த பின்னும் எல்.இ.டி. விளக்கு மங்கலாக எரிந்தால், அது இத்தவற்றின் அறிகுறியாகவும் இருக்கலாம். உடனே மின்பணியாளரிடம் காட்டுவது நன்று.

பழைய குழலை எடுத்துவிட்டு எல்.இ.டி. குழலைப் பொருத்துவோரும் கவனமாக இருக்கவேண்டும். சில வகைகளுக்கு ஸ்டார்ட்டரை மாற்றினால் போதும். வேறு சிலவற்றுக்குச் சோக்கை நீக்கிக் கம்பியையே மாற்றவேண்டும். பெட்டியில் உள்ள விளக்கப்படத்தைப் பாராமல் வாங்கக்கூடாது. மேசை விளக்கு போன்றவற்றில் சிங்கப்பூரின் பாதுகாப்பு முத்திரையோ மலேசியாவின் சிரிம் முத்திரையோ உள்ளதா என்று பார்த்து வாங்கவேண்டும்.

நினைவிற் கொள்க

1. வாட்டைப் பாராமல் லூமனைப் பார்த்து வாங்குக.
2. கூரையின் நடுவே பெரிய விளக்கைத் தொங்கவிடுவதைவிட, வேலை நடக்கும் இடத்தில் சிறிய விளக்கை வைப்பது மேல்.
3. துண்டிப்பான் இல்லாத வீட்டில், புது விளக்கு வாங்குமுன் அதனைப் பொருத்தச் செய்க.
4. மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்துக.
5. பலகைச் சுவரில் ஆணியடித்துக் கம்பி இழுப்பதையும், அண்டை வீட்டிலிருந்து மின்சாரம் எடுப்பதையும் அறவே தவிர்க்க.

நெற்றி விளக்கைக் கட்டுமுன் அதன் வாரையும் மின்கலத்தையும் சரிபார்த்துக்கொள்வது தோட்டத் தொழிலாளியின் வழக்கம். அதே கவனத்தை வீட்டு விளக்கிற்கும் காட்டினால், பிள்ளைகளின் படிப்பும் குடும்பத்தினரின் உயிரும் ஒருங்கே காக்கப்பெறும்.